கல்லூரிப் பணியாளர்களுக்கும் தலைமைக்கும் திறந்த கல்விப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ஆசிரியர்கள், நூலகர்கள், துறைத் தலைவர்கள், முதல்வர்கள் எனப் பலரோடும் திறந்த கல்விப் பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் உறுதியாக நம்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடியும் நாளில், பங்கேற்றவர் கையில் தன் வகுப்புக்காகத் தானே செய்த சின்னப் பாடப் பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும். சான்றிதழெல்லாம் அப்புறம்தான்.

திறந்த கல்வி என்றால் திறந்தநிலைப் பல்கலைக்கழகமா? தொலைநிலைக் கல்வியா?

இரண்டும் இல்லை. பெயர் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் திறந்திருப்பது சேர்க்கை. வயது, முன் தகுதி போன்ற தடைகள் அங்கே குறைவு. இங்கே நாம் பேசும் திறந்த கல்வியில் திறந்திருப்பது பாடப் பொருள். பாடநூல், வினாத்தொகுப்பு, ஆய்வகக் கையேடு, காணொலி என எதுவாக இருந்தாலும் அதை எடுக்கவும் திருத்தவும் பகிரவும் யாரிடமும் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டாம். ஆக்கியவரே ஓர் உரிமத்தின் வழியாக அந்த அனுமதியை முன்கூட்டியே தந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடப் பொருள்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப் போவதாக 2001-ல் அறிவித்தது. இத்தகைய உரிமங்களை வகுத்துத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம்தானே?

இல்லை. இலவசமாகப் பார்க்கலாம் என்பதும் எடுத்துத் திருத்தலாம் என்பதும் வேறு வேறு. டேவிட் வைலி என்ற கல்வியாளர் வகுத்த ஐந்து அனுமதிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: நம்மிடமே வைத்துக்கொள்வது, பயன்படுத்துவது, திருத்துவது, வேறொன்றோடு கலப்பது, மறுபடி பகிர்வது. இந்த ஐந்துக்கும் இடம் இருந்தால் அது திறந்த வளம். உரிமம் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பக்கம் என்றால் முழுப் பதிப்புரிமையும் உடையவரிடமே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

பாடப் பொருள்தான் கிடைக்கிறதே, தனியாகப் பயிற்சி எதற்கு?

கிடைத்ததை வகுப்புக்கு ஏற்றபடி ஆக்கத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான். ஓர் ஆசிரியர் நல்ல திறந்த பாடநூல் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதன் ஐந்தாம் அத்தியாயம் அவருடைய பாடத்திட்டத்துக்குப் பொருந்தவில்லை. மாற்றலாமா? மாற்றினால் யார் பெயரைப் போடுவது? எந்தக் கோப்பை இறக்கினால் திருத்த முடியும்? இதெல்லாம் தெரியாததால் பிடிஎஃப் கோப்பை அப்படியே வகுப்புக் குழுவில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். மாணவர்களுக்கு நூல் வாங்கும் செலவு மிச்சமாகும், அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த அத்தியாயம் இன்னமும் பொருந்தாமலே இருக்கிறது.

2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு திறந்த கல்வி வளங்கள் பற்றிய பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அதில் ஐந்து செயல்களங்கள் உண்டு. ஆதரவான கொள்கை, எல்லாரையும் உள்ளடக்கும் தரமான வளங்கள், நீடித்து நிற்கும் ஏற்பாடுகள், பன்னாட்டு ஒத்துழைப்பு ஆகிய நான்குக்கும் முன்னால் முதலாவதாக நிற்பது திறன் வளர்ப்பு. அந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. ஆட்களுக்குக் கை பழகாத இடத்தில் கொள்கை ஆவணம் கோப்பிலேயே கிடக்கும்.

ஆசிரியர்களுக்கு மட்டும் நடத்தினால் போதாதா?

போதாது. நூலகரை விட்டுவிட்டுத் தொடங்கிய முயற்சி பாதியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வளத்தைத் தேடித்தருவது, உரிமத்தைச் சரிபார்ப்பது, கல்லூரிக் களஞ்சியத்தில் சேர்ப்பது எல்லாம் அவர் கை வழியாகத்தான் நடக்கும். இணைய வகுப்புத் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பணியாளர், மாற்றுத்திறன் மாணவர்களுக்கு உதவும் பிரிவில் இருப்பவர், பாடத்திட்டக் குழு உறுப்பினர் ஆகியோரையும் அழையுங்கள். எல்லாருக்கும் எல்லாமும் வேண்டியதில்லை. தொழில்நுட்பப் பணியாளருக்கு உரிம நுணுக்கம் கொஞ்சம் போதும், கோப்பு வடிவங்கள்தான் அவருக்கு முக்கியம்.

எங்கே கற்கலாம்? எது யாருக்குப் பொருந்தும்?

உரிமங்களை ஆழமாகக் கற்க விரும்புகிறவருக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2018 முதல் நடத்தும் சான்றிதழ் படிப்பு இருக்கிறது. கல்வியாளர், நூலகர், பண்பாட்டு நிறுவனப் பணியாளர் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வழிநடத்துநரோடு இணையத்தில் சில வாரங்கள் நடக்கும், கட்டணமும் உண்டு. பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்: அந்தப் படிப்பின் பாடப் பொருளே திறந்த உரிமத்தில் வெளியாகிறது. சான்றிதழ் வேண்டாம், அறிவு போதும் என்பவர் இலவசமாகப் படித்துக்கொள்ளலாம். நான்கு பேர் சேர்ந்து வாரம் ஓர் அலகு என்று படித்தால் நல்ல படிப்புவட்டம் அமைந்துவிடும்.

நூலகர்களுக்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஓப்பன் எஜுகேஷன் நெட்வொர்க் தனிச் சான்றிதழ் ஒன்றை நடத்துகிறது. அதில் சேர உங்கள் நிறுவனம் உறுப்பினராக இருக்க வேண்டுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நூலகங்களின் கூட்டமைப்பான ஸ்பார்க் 2017-ல் தொடங்கிய தலைமைப் பயிற்சியின் வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பருவம் வழிகாட்டியோடு படிப்பு, அடுத்த பருவம் தன் கல்லூரியிலேயே ஒரு திட்டத்தைச் செய்து காட்டுவது. இதே வடிவத்தை எந்தக் கல்லூரியும் சிறிய அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் இந்தத் துறை பற்றித் தொடக்கநிலை இணையப் படிப்புகளும் கொள்கை வகுப்பதற்கான கையேடுகளும் தருகிறது. நிர்வாகத்தில் இருப்பவர்கள் அந்தக் கையேடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகளின் கூட்டமைப்பாக 2007-ல் தொடங்கிய சிசிசிஓஇஆர் நடத்தும் வெபினார்களில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வகுப்பறையிலும் நூலகத்திலும் வேலை செய்கிறவர்களே. எங்கே தடுமாறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று அவர்களே சொல்லக் கேட்பதில் கற்க நிறைய இருக்கிறது.

அப்புறம், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் திறந்த கல்வி வாரம் வரும். 2012 முதல் நடக்கிறது. அந்த வாரத்து அமர்வுகளில் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை.

உரிமம் என்றாலே சட்டம் மாதிரி இருக்கிறதே. எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வழக்கறிஞர் அளவுக்கு வேண்டாம். நான்கு கூறுகளும் அவை சேரும் விதமும் தெரிந்தால் வேலை நடக்கும். பிஒய் (BY) என்றால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும். எஸ்ஏ (SA) என்றால் நீங்கள் திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும். என்சி (NC) என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி (ND) என்றால் திருத்திய வடிவத்தைப் பகிரக் கூடாது. இவை சேர்ந்து ஆறு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆகின்றன. இவற்றுக்கு வெளியே, எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ (CC0) இருக்கிறது.

பெயர் சொல்லும்போது நான்கு தகவல்கள் போதும்: தலைப்பு, ஆக்கியவர், எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம். திருத்தியிருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் ஒரு படத்தை எடுத்து இந்த வரியை எழுதச் சொல்வேன். முதல் படத்துக்குப் பத்து நிமிடம் ஆகும், ஐந்தாவதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆட்கள் உண்மையில் திணறுவது கலக்கும் இடத்தில். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல் பதிப்பகமான ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட கால்குலஸ் நூல்கள் பிஒய், என்சி, எஸ்ஏ மூன்றும் சேர்ந்த உரிமத்தில் இருக்கின்றன. விக்கிப்பீடியாக் கட்டுரைகள் பிஒய், எஸ்ஏ உரிமத்தில் இருக்கின்றன. ஒரு கணித ஆசிரியர் இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்து, இழைத்துத் திருத்தி, ஒரே அத்தியாயமாகப் பகிர விரும்புகிறார். முடியாது. வணிகப் பயன்பாடு கூடாது என்கிறது ஓர் உரிமம். மற்றதில் அந்தத் தடை இல்லை. 'என் உரிமத்திலேயே பகிர்' என்று இரண்டும் கேட்கின்றன, ஒரே அத்தியாயத்தால் இரண்டுக்கும் கட்டுப்பட முடியாது. ஆனால் ஒன்றோடொன்று கலக்காமல், தனித்தனிப் பகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் அதன் உரிமத்தைக் குறிப்பிட்டு ஒரே தொகுப்பில் பக்கம் பக்கமாக வைக்கலாம். இந்த ஒரு எடுத்துக்காட்டைக் கையால் செய்து பார்த்தவருக்கு உரிமப் பாடத்தின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. இந்த உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் பாடக்குறிப்பை ஓர் உரிமத்தில் வெளியிட்டுவிட்டு, பிறகு மனம் மாறி இணையத்திலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அதற்குள் எடுத்துக்கொண்டவருக்கு அந்த உரிமை அப்படியே இருக்கும். அதனால் முதல் வெளியீட்டில் அவசரப்பட வேண்டாம்.

ஒரு நாள் பட்டறை போதுமா?

அறிமுகத்துக்குப் போதும், பழக்கத்துக்குப் போதாது. காலை முழுதும் உரை, மதியம் செயல்விளக்கம், மாலை சான்றிதழ் என்று நடந்த பட்டறைக்குப் போனவர்களை மூன்று மாதம் கழித்துக் கேட்டிருக்கிறேன். ஆர்வம் அப்படியே இருந்தது, செய்தவை மட்டும் மிகக் குறைவு. குற்றம் அவர்களுடையது அல்ல, நாளை அமைத்த விதத்தில் இருக்கிறது.

ஒரு பருவம் முழுதும் பரவிய ஆறு சந்திப்புகளைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முதல் சந்திப்புக்கு வரும்போது, தன் பாடத்தில் தனக்குத் திருப்தி தராத ஒரு பகுதியை எடுத்துவரச் சொல்லுங்கள். மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் பகுதி ஒன்று எல்லா ஆசிரியரிடமும் இருக்கும். 'திறந்த கல்வி என்றால் என்ன' என்ற விளக்கத்தைவிட அந்தப் பகுதிக்குத்தான் இழுக்கும் சக்தி அதிகம். இரண்டாம் சந்திப்பில் நூலகரோடு உட்கார்ந்து அதற்கான வளங்களைத் தேடுங்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ், லிப்ரெடெக்ஸ்ட்ஸ், மெர்லாட், ஓஇஆர் காமன்ஸ், ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி ஆகிய இணையதளங்களில் நாலைந்து வளங்கள் தேறும். மூன்றாவது உரிமம். உரிமப் பாடத்தை முதல் நாளே வைத்தால் பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். கையில் ஒரு வளம் வந்த பிறகு வைத்தால் அவர்களே கேட்கிறார்கள். நான்காவதில் திருத்தும் வேலை. ஐந்தாவதில் வகுப்பில் பயன்படுத்தி, மாணவர் சொன்னதைக் கேட்டுவர வேண்டும். ஆறாவதில் ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துச் சரிசெய்து வெளியிடுகிறார்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை நல்ல அளவு. ஒரே துறையிலிருந்து இரண்டு பேராவது வந்தால், ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் இழுத்துக்கொண்டு போவார்.

முதல்வரும் துறைத் தலைவர்களும் எதைக் கற்க வேண்டும்? ஊக்கம் கொடுத்தால் போதாதா?

பேச்சளவில் ஊக்கம் கொடுத்து முடிப்பது எளிது, அதற்குமேல் எதுவும் நகராது. தலைமைக்கென்று தனிப் பாடம் இருக்கிறது. நான் பார்த்தவரை மிகக் குறைவாகக் கற்பிக்கப்படுவதும் அதுதான்.

முதலாவது கேள்வி உடைமை பற்றியது. பணியில் இருக்கும்போது ஆசிரியர் எழுதிய பாடக்குறிப்பு யாருக்குச் சொந்தம், அவருக்கா, கல்லூரிக்கா? நாட்டுச் சட்டத்தையும் பணி ஒப்பந்தத்தையும் பொறுத்து இது மாறும். இது தெளியாத வரை எந்த ஆசிரியரும் நிம்மதியாக எதையும் வெளியிட முடியாது, ஏனென்றால் உரிமம் தரும் உரிமை தனக்கு உண்டா என்பதே அவருக்குத் தெரியாது. 'பணியாளர்கள் தாங்கள் ஆக்கிய கற்பித்தல் பொருளைத் திறந்த உரிமத்தில் வெளியிடலாம்' என்று ஒரே பத்தியில் நிர்வாகம் எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் தீரும்.

அடுத்தது நேரம். ஒரு பாடத்தைத் திறந்த வளத்துக்கு மாற்றுவது மாலை நேரத்து உபரி வேலை அல்ல. அந்தப் பருவத்தில் ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுக்கலாம், அல்லது வேறு குழுப் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம். இரண்டும் முடியாது என்றால் எதிர்பார்ப்பையாவது குறையுங்கள். முழு நூலைக் கேட்காமல் ஓர் அலகைக் கேளுங்கள்.

பதவி உயர்வு மதிப்பீடும் முக்கியம். ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு, நூறு கல்லூரிகள் எடுத்துப் பயன்படுத்தும் பாடநூலுக்கு இல்லை என்றால், இளம் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு வரி சேர்ப்பது தலைமையால் மட்டுமே முடியும்.

இன்னொரு வேண்டுகோள். முதல் சந்திப்புக்கு முதல்வரும் ஒரு பாடப் பகுதியோடு வந்து, மற்றவர்களைப் போலவே உட்கார்ந்து தேட வேண்டும். தொடங்கிவைத்துவிட்டுக் கிளம்புவது வேண்டாம். தேடிப் பார்த்த தலைவர் நேரம் ஒதுக்கும்போது எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அறிந்து ஒதுக்குகிறார்.

இலவசம் என்றால் தரம் குறைவாகத்தானே இருக்கும்?

தரம் குறைந்தவையும் உண்டு, விலை கொடுத்து வாங்கும் நூல்களிலும் அப்படித்தான். நூலை நூலாகப் பார்த்து மதிப்பிட வேண்டும். ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரியில் கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய மதிப்புரைகள் நூலோடு சேர்ந்தே கிடைக்கின்றன, நிறையும் குறையும் வெளிப்படையாக. மாணவர் பயன் பற்றிக் கேட்டால், அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 21,822 மாணவர்களை வைத்து நடந்து 2018-ல் வெளியான ஆய்வைச் சொல்வேன். திறந்த பாடநூலுக்கு மாறிய பாடங்களில் மதிப்பெண் நிலை உயர்ந்தது, தோல்வியும் இடைவிலகலும் குறைந்தன. பண உதவி பெறும் மாணவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. முதல் நாளிலேயே நூல் கையில் இருப்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அது காட்டுகிறது.

தரம் என்றால் எல்லாருக்கும் எட்டுவதும்தான். படங்களுக்கு மாற்று விளக்கம், காணொலிக்கு வசன வரிகள், திரைவாசிப்பான் பின்தொடரக்கூடிய தலைப்பு அமைப்பு இவற்றைப் பயிற்சியிலேயே பழக்கிவிடுங்கள். பின்னால் சேர்ப்பது இரட்டை வேலை.

பயிற்சிக்கு நிதியே இல்லையென்றால்?

படிப்புவட்டமாகத் தொடங்குங்கள். மேலே சொன்ன திறந்த பாடப் பொருள்களுக்கும் வெபினார் பதிவுகளுக்கும் செலவு இல்லை. கொஞ்சம் நிதி வந்தால் வெளிப் பேச்சாளருக்குச் செலவிடாமல், பாடத்தை மாற்றும் ஆசிரியருக்கும் கூட நிற்கும் நூலகருக்கும் ஊக்கத்தொகையாகக் கொடுங்கள்.

மாணவர்களைக் கொண்டே பாடப் பொருளை உருவாக்கலாமா?

தாராளமாக, ஆனால் கவனமாக. திருத்திய பிறகு தூக்கிப் போடப்படும் பயிற்சித்தாளுக்குப் பதிலாக, அடுத்த ஆண்டு மாணவர் பயன்படுத்தும் விளக்கமோ வினாவோ எழுதச் சொன்னால் அவர்கள் எழுதும் விதமே மாறுகிறது. ஆனால் மாணவர் எழுதியதன் பதிப்புரிமை பொதுவாக மாணவருடையது. வெளியிட அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். உரிமத்தை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் புனைபெயரில் வரலாம், வெளியிடவே வேண்டாம் என்றாலும் மதிப்பெண் குறையக் கூடாது. மதிப்பெண் போடும் இடத்திலிருந்து கேட்கும்போது மாணவரால் எளிதில் மறுக்க முடியாது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெரும்பாலான வளங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மொழிபெயர்க்கலாமா?

மொழிபெயர்ப்பும் திருத்தத்தில் அடங்கும். எனவே என்டி இல்லாத எந்த உரிமத்திலும் மொழிபெயர்த்துப் பகிரலாம். இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கலைச்சொல் ஒரே பாடத்தில் மூன்று விதமாக வந்துவிடும். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே துறையினர் சேர்ந்து ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். பொருள் தெரிந்த ஆசிரியர் வரி வரியாகப் படித்துச் சரிசெய்யாத மொழிபெயர்ப்பு மாணவர் கைக்குப் போகக் கூடாது.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

வருகைப் பதிவேடு சொல்லாது. ஆறு மாதம் கழித்து நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பாடங்களில் வளம் உண்மையில் பயன்பாட்டில் இருக்கிறது? எத்தனை பேர் தாங்கள் திருத்தியதை வெளியிட்டார்கள்? மாணவர்களுக்கு நூல் செலவு எவ்வளவு குறைந்தது? பயிற்சிக்கு வராத ஆசிரியர் யாராவது, வந்தவரிடம் கேட்டுத் தொடங்கியிருக்கிறாரா? நான்காவதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எங்கள் கல்லூரியில் இதில் ஆர்வம் உள்ளவர் நான் ஒருவர்தான். என்ன செய்வது?

கொள்கை, குழு, அனுமதி என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் இப்போது நடத்தும் பாடத்தில் ஒரே ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு திறந்த வளத்தைத் தேடுங்கள், பெயர்க் குறிப்போடு உங்கள் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துத் திருத்துங்கள், வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். மாணவர்கள் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி நூலகரிடம் காட்டுங்கள். கூட வர அவர் சம்மதித்துவிட்டால் நீங்கள் இரண்டு பேர். அடுத்த மார்ச்சில் திறந்த கல்வி வாரம் வரும்போது, இருவருமாக அந்த ஒரு வாரப் பாடத்தைத் துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் காட்டுங்கள்.